சாங்போ பள்ளத்தாக்கும் கயாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிஷிகேஷில் நாலு நாள் கயாக் கற்றுக்கொண்டு திரும்பியதிலிருந்து, எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பிறகு சியாங் ஆற்றில் ஒரு முறை ராஃப்டில் போய்வந்தேன். அதன் மேல்பகுதிதான் திபெத்தில் ஓடும் யார்லுங் சாங்போ. கயாக் ஆட்கள் அந்தப் பெயரைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நான் அங்கே போனதில்லை, போகிற தகுதியும் இல்லை. ஆனால் அதைப் பற்றிப் படித்ததும் கேட்டதும் நிறைய. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

கயாக், ராஃப்ட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ராஃப்ட் என்பது காற்றடைத்த பெரிய ரப்பர் படகு. ஆறேழு பேர் உட்காரலாம். பின்னால் கைடு இருப்பார், நீங்கள் அவர் சொல்கிறபடி துடுப்புப் போட்டால் போதும். கயாக்கில் நீங்கள் ஒருவர்தான். இடுப்பு வரை படகுக்குள் நுழைந்துகொண்டு, இடுப்பில் கட்டிய ரப்பர் பாவாடையைப் படகின் விளிம்பில் இழுத்து மாட்டுவீர்கள். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்று அதற்குப் பெயர். தண்ணீர் உள்ளே வராது. கவிழ்ந்தால் தலை ஆற்றுக்குள், கால் படகுக்குள்.

அந்த நிலையில் படகை விட்டு வெளியே வராமல், துடுப்பால் தண்ணீரை அழுத்தி, இடுப்பை வெட்டி நிமிர்வதற்கு ரோல் என்று பெயர். இதில் தலையைக் கடைசியாகத்தான் தூக்க வேண்டும். மூச்சு முட்டும் பயத்தில் எல்லாரும் முதலில் தூக்குவதும் தலையைத்தான். அதனால் திரும்பவும் கவிழ்வார்கள். எனக்கு இது பிடிபட மூன்று நாள் ஆயிற்று. கங்கைத் தண்ணீர் வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. புண்ணியக் கணக்கில் சேரட்டும்.

சாங்போவில் அப்படி என்ன விசேஷம்?

திபெத்தின் மேற்கே, கயிலாயப் பகுதிக்குத் தென்கிழக்கே புறப்படும் இந்த ஆறு பீடபூமி மேல் கிழக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வழியில் 7,782 மீட்டர் உயர நம்ச்சா பர்வா மலை ஒரு பக்கமும், 7,294 மீட்டர் உயர ஜியாலா பேரி மறுபக்கமும் நிற்கின்றன. ஆறு இரண்டுக்கும் நடுவே புகுந்து, நம்ச்சா பர்வாவைச் சுற்றி வளைந்து, தெற்கே திரும்பி அருணாசலப் பிரதேசத்துக்குள் சியாங் என்ற பெயரில் நுழைகிறது. அசாமில் அதுதான் பிரம்மபுத்திரா.

பள்ளத்தாக்கு தொடங்குவது பே என்ற ஊருக்குப் பக்கத்தில். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டியது அதற்குக் கீழேதான் வருகிறது. பே அருகே ஆற்றின் உயரம் சுமார் 2,900 மீட்டர். போ சாங்போ என்ற துணையாறு வந்து கலக்கும் இடத்தில் அது சுமார் 1,500. இந்திய எல்லைக்கு வரும்போது 660 போல. சின்ன ஓடை ஒன்று இப்படிச் சரிந்தால் மலையில் அது சகஜம். ஒரு பேராறு இந்தச் சரிவில் இறங்குவதுதான் இங்கே விஷயம். இரு புறமும் ஏறக்குறைய செங்குத்தாக மலை. கரை என்று ஒன்று பல இடங்களில் கிடையாது.

கிளாஸ் 4, கிளாஸ் 5 என்கிறார்களே, அது என்ன?

ஆற்றில் தண்ணீர் பாறைகளில் மோதி நுரைத்து இறங்கும் பகுதியை ராப்பிட் என்கிறோம். அதன் கடினத்துக்கு 1 முதல் 6 வரை தரம் உண்டு. 1 என்றால் குழந்தையைக் கூட்டிப் போகலாம். 3ல் திறமை வேண்டும். 5ல் தவறினால் உயிருக்கே ஆபத்து. 6 என்பது அநேகமாக யாரும் இறங்க முடியாதது.

இந்த எண் பாறையில் செதுக்கிவைத்தது இல்லை, தண்ணீர் ஏறினால் அதுவும் மாறும். ஊரை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். ரோட்டோரத்தில் கிளாஸ் 4 ராப்பிட்டில் தோள் இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அதே ராப்பிட் சாங்போ பள்ளத்தாக்குக்குள் இருந்தால், தோள் இறங்கிய ஆளை நாலைந்து நாள் காட்டுக்குள் நடத்திக் கூட்டிவர வேண்டும். அதனால் அனுபவசாலிகள் மனதுக்குள் ஒரு தரம் கூட்டித்தான் வைத்துக்கொள்வார்கள்.

தைரியம்தான் முக்கியமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்கள் ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். என் பதில்: முக்கியம் கன அடி.

மேட்டூருக்கு வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர்வரத்து, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்று செய்தி படிக்கிறோமே, அதே கன அடிதான். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 283 டன் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போகிறது. பாறையும் சரிவும் அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் 10,000ல் இறங்கக்கூடிய ஓர் இடம் 30,000ல் வேறு ஓர் ஆறாகிவிடும். சாங்போவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழையும் பனியுருகலும் சேர்ந்து வெள்ளம் போகும். ஜனவரி, பிப்ரவரியில் ஆறு சுருங்கிவிடும். எந்த மாதத்தில் போகிறீர்கள் என்று முடிவெடுக்கும்போதே பாதிப் பயணம் முடிவாகிவிடுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே ஆற்றில் போடப்படுவது நாமே.

1998ல் என்ன நடந்தது?

நேஷனல் ஜியாகிரபிக் ஆதரவுடன் ஓர் அமெரிக்கக் குழு அந்த அக்டோபரில் பள்ளத்தாக்கில் இறங்கியது. தலைவர் விக் வாக்கர். படகில் இறங்கியவர்கள் நாலு பேர்: டாம் மெக்யூவன், அவர் தம்பி ஜேமி மெக்யூவன், டக் கார்டன், ரோஜர் ஸ்பெல். யாரும் கற்றுக்குட்டி இல்லை. ஜேமி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆற்றுப் படகுப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். கார்டன் வேதியியலாளர், ஒரு காலத்தில் தேசிய அணிக்கு விளையாடியவர்.

அந்த வருஷம் பருவமழை பேய்மழை. சீனாவில் யாங்சி ஆற்று வெள்ளம் உலகச் செய்தியானது அதே ஆண்டுதான். மழை ஓய்ந்து ஆறு வடிந்திருக்கும் என்று நம்பிப் போனவர்கள், எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு தண்ணீரைப் பார்த்தார்கள். ஆனாலும் பின்வாங்கவில்லை. நடு ஆற்றைத் தொடாமல் கரையோரமாகவே, ஒரு பாறை மறைவிலிருந்து அடுத்த பாறை மறைவுக்கு என்று போவது, முடியாத இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று தீர்மானித்தார்கள். அது அசட்டுத்தனமான தீர்மானம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்குக் கிட்ட அது வேலையும் செய்தது.

அக்டோபர் 16ஆம் தேதி கரையோரமாக இருந்த சுமார் 8 அடி உயரச் சிறிய அருவி ஒன்றில் கார்டன் இறங்கினார். அவருடைய திறமைக்கு அது பெரிய உயரமே இல்லை. கீழே படகு கவிழ்ந்தது. எழ முயன்றார், முடியவில்லை. நீரோட்டம் அவரை நடு ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

சாதாரண ஆறாக இருந்திருந்தால், அந்த எட்டு அடிக்குக் கீழே கவிழ்ந்தவர் படகை விட்டு நீந்திக் கரையேறி, ராத்திரி அதைச் சொல்லிச் சிரித்திருப்பார். இங்கே தவறுக்கும் நடு ஆற்றுக்கும் இடையே இருந்தது சில மீட்டர்தான்.

அப்புறம் யார் இறங்கினார்கள்?

2002 பிப்ரவரியில் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் ஏழு கயாக் வீரர்கள். அமெரிக்கர்களோடு தென்னாப்பிரிக்காவின் ஸ்டீவ் ஃபிஷர், நியூசிலாந்தின் மைக் அபட் போன்றவர்களும் இருந்தார்கள். இவர்கள் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு வற்றியிருக்கும், ஆனால் கணவாய்களில் பனி மூடியிருக்கும், நடைவழி மோசமாகும். குளிரை வாங்கிக்கொண்டு தண்ணீரைக் குறைத்தார்கள் என்று சொல்லலாம்.

சாப்பாட்டையும் சாமானையும் சுமந்துகொண்டு கரைக் குழு ஒன்று, பெரும் எண்ணிக்கையில் சுமைதூக்குவோருடன், மேலே காட்டு வழியாக நடந்துவந்தது. மேல்பள்ளத்தாக்கில் சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தை இந்த ஏழு பேரும் இறங்கினார்கள், எல்லாரும் உயிரோடு. குறைந்த தண்ணீரிலும் அவர்கள் பெரும்பாலும் கரையோரத்தையே பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய அருவி வந்தால் என்ன செய்வார்கள்?

சுமப்பார்கள். படகைத் தோளில் போட்டுக்கொண்டு, பாறையிலும் மூங்கில் புதரிலும் ஏறி இறங்கி, ஆபத்தான இடத்தைத் தாண்டி மறுபடி ஆற்றில் இறக்குவார்கள். போர்ட்டேஜ் என்று சொல்வார்கள். வெறும் படகே இருபது கிலோவுக்கு மேல். உள்ளே ஒரு வாரச் சாப்பாடும் படுக்கையும் இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

சாங்போவில் சுமக்கவும் வழியில்லாத இடம் ஒன்று உண்டு. ரெயின்போ அருவி என்று ஒன்றை ஆங்கிலேயப் பயணிகள் 1924ல் பார்த்தார்கள். அதற்குக் கீழே பள்ளத்தாக்கு குறுகி, மேலிருந்து எட்டிப் பார்க்கவும் முடியாதபடி மடங்கிப் போகிறது. அங்கே மறைந்திருந்த சுமார் 30 மீட்டர் உயர அருவியை இயன் பேக்கர், கென் ஸ்டார்ம், ஹமீத் சர்தார் மூவரும் 1998 நவம்பரில் இறங்கி அளந்தார்கள். கார்டன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2002 குழு இந்தப் பகுதிக்கு முன்பே ஆற்றை விட்டு ஏறி, படகுகளோடு பனிக் கணவாய் ஒன்றைக் கடந்து மறுபக்கம் இறங்கியது. கீழ்ப்பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ‘வேண்டாம்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

படகைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதுவும் கயாக் பயணமா?

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர் நடுவே மரத்தடியில் படுத்தால் யாத்திரை கெட்டுப்போகுமா? கயாக் ஆட்கள் யாரும் இதைக் குறையாக நினைப்பதில்லை. கரையில் இறங்கி, ராப்பிட்டை அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படகைத் தோளில் ஏற்றுகிற ஆளைத்தான் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடுவார்கள்.

நன்றாக நீச்சல் தெரியும். போதாதா?

கிணற்றில் அடித்த நீச்சல் இங்கே பாதிதான் உதவும். ஆறு ஆளை வைத்துக்கொள்ளும் விதங்கள் வேறு. ஒன்று ஹோல். பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் அடிக்குப் போகிறது. மேற்பரப்புத் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி விழுகிற இடத்துக்கே வருகிறது. அதில் சிக்கினால் வாஷிங் மெஷினில் போட்ட துணிதான். அங்கே இருப்பது பாதி காற்று கலந்த நுரை என்பதால் லைஃப் ஜாக்கெட்டும் முழு பலம் தராது. இன்னொன்று சல்லடை: பாறைகளின் இடுக்குகள் வழியே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. பார்க்க அமைதியாக இருக்கும், நுரைகூட இருக்காது. இதைத்தான் அனுபவசாலிகள் எல்லாவற்றையும் விட அஞ்சுவார்கள்.

பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் திரும்பும் மறைவு ஒன்று இருக்கும். எடி என்பார்கள். ஆற்றில் நமக்கு இருக்கும் திண்ணை அது. அங்கே ஒதுங்கி மூச்சு வாங்கலாம், அடுத்ததைப் பார்க்கலாம். ஒரு எடியிலிருந்து அடுத்த எடியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் இறங்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்த ரிஷிகேஷ் அண்ணன் சொல்வார். ஒரு நாள் கேட்காமல் போனேன். படகு ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

என்னென்ன எடுத்துக்கொண்டு போவார்கள்?

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், உடம்பில் ஈரம் படாத டிரை சூட், பிரித்து மாட்டும் உபரித் துடுப்பு, சாட்டிலைட் போன், மருந்துப் பெட்டி. எல்லாருடைய கைக்கெட்டும் இடத்திலும் த்ரோ பேக் இருக்கும்: சின்னப் பைக்குள் மிதக்கும் கயிறு, பையை வீசினால் கயிறு தானே அவிழ்ந்து, ஆற்றில் விழுந்தவருக்குப் போய்ச் சேரும். படகு கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது, பாறையில் மோதினால் நசுங்கும், உடையாது. சாப்பாடு பற்றிக் கேட்காதீர்கள், எங்கேயும் நூடுல்ஸ்தான்.

இந்த ஆற்றில் முதலில் இறங்கியது யார்?

என் பதிலைக் கேட்டால் கயாக் ஆட்கள் சிரிப்பார்கள்: மரக்கட்டைகள்.

சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்று 19ஆம் நூற்றாண்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வெள்ளையர் திபெத்துக்குள் நுழைய முடியாத காலம். இந்திய நில அளவைத் துறையின் கேப்டன் ஹார்மன் 1880ல் ஒரு லாமாவையும், சிக்கிமைச் சேர்ந்த கிந்துப் என்பவரையும் அனுப்பினார். கிந்துப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லாமா வழியிலேயே கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்துப் தப்பி ஓடி, பள்ளத்தாக்கில் ஒரு மடத்தில் தஞ்சம் புகுந்தார். அந்த மடத்துத் தலைவர் 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். அங்கே வேலை பார்த்துக்கொண்டே, தீர்த்த யாத்திரை என்று விடுப்பு வாங்கி, காட்டில் 500 கட்டைகளை வெட்டி அடையாளமிட்டு ஒளித்துவைத்தார். இன்னொரு விடுப்பில் லாசா வரை போய், இன்ன தேதியில் தினம் 50 கட்டை வீதம் ஆற்றில் விடுவேன், அசாமில் ஆள் வைத்துப் பாருங்கள் என்று ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினார். சொன்னபடி பத்து நாளும் விட்டார்.

கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஹார்மன் அதற்குள் இந்தியாவை விட்டே போயிருந்தார். ஐந்நூறு கட்டைகளும் யாரும் பார்க்காமல் வங்காள விரிகுடாவுக்குப் போயின. நாலு வருஷம் கழித்துத் திரும்பிவந்த கிந்துப் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1913ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று தெரிந்தது.

வேறு ஆறுகள் உண்டா?

நிறைய. 1971ல் வால்ட் பிளாக்கடார் என்ற 49 வயது டாக்டர் கனடாவில் அல்செக் ஆற்றின் டர்ன்பேக் பள்ளத்தாக்கைத் தனியாக இறங்கினார். 1976ல் மைக் ஜோன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு எவரெஸ்ட் அடிவாரத்திலிருந்து தூத் கோசியில் இறங்கியது. 2018ல் பிரான்ஸின் நூரியா நியூமன் லடாக்கில் சாரப், சன்ஸ்கார், சிந்து ஆறுகளில் ஏழு நாளில் 375 கிலோமீட்டர் தனியாகப் போனார். அதே பயணத்தில் ஏறக்குறைய மூழ்கியும் பிழைத்தார். காங்கோவில் 2010ல் ஹென்ட்ரி குட்சியை முதலை இழுத்துப்போனது. பிளாக்கடாரும் ஜோன்ஸும்கூட 1978ல் ஆற்றிலேயே இறந்தார்கள். ஜோன்ஸ் இறந்தது நண்பரைக் காப்பாற்றப் போய்.

சாங்போவில் அணை வருகிறதாமே?

2025 ஜூலையில் சீனா வேலையைத் தொடங்கிவிட்டது. திட்டமிட்ட அளவு சுமார் 60,000 மெகாவாட். இப்போது உலகில் மிகப் பெரிதான, சீனாவின் த்ரீ கார்ஜஸ் அணையே 22,500தான். வளைவின் குறுக்கே சுரங்கம் குடைந்து தண்ணீரைத் திருப்புவது இதன் முறை. அப்படியானால் 1998லும் 2002லும் படகு போன இடங்களில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்பது கேள்வி. கயாக்காரர்களின் கவலை இதில் ரொம்பச் சின்னது. கீழே சியாங் கரையில் இருக்கும் ‘ஆதி’ என்ற பழங்குடி மக்களுக்குத்தான் பெரிய கவலை. 2000 ஏப்ரலில் யிகோங் என்ற துணையாற்றை நிலச்சரிவு ஒன்று அடைத்தது. ஜூனில் அந்த இயற்கை அணை உடைந்து வந்த வெள்ளம் அருணாசலம் வரை ஆட்களையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. மேலே நடப்பது கீழே எப்படி வந்து சேரும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாம் போகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அருணாசலத்தில் துதிங்கிலிருந்து பாசிகாட் வரை சியாங்கில் ராஃப்டில் வரலாம், சுமார் 180 கிலோமீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். அருணாசலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதி வாங்க வேண்டும். பச்சை நிறத்தில் அவ்வளவு தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கயாக் கற்க ரிஷிகேஷ் இருக்கிறது, நேபாளத்தில் சேத்தி ஆறு இருக்கிறது. பக்கத்திலேயே வேண்டுமானால், கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழாவிலும் இருவஞ்சிப்புழாவிலும் மழைக்காலத்தில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிறது. வேடிக்கை பார்க்கவாவது போய்வாருங்கள்.

கற்றுத்தருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் இல்லை. தண்ணீர் ஏறினால் பயணத்தை ரத்து செய்வீர்களா, பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். நான் ஒரு முறை கேட்காமல் பணம் கட்டி, மழையில் கலங்கிய ஆற்றைக் காட்டி ‘ஒன்றும் ஆகாது சார்’ என்ற ஓர் ஆளிடம் மாட்டிக்கொண்டேன். பணத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

எங்கே இறங்குகிறீர்கள், எங்கே ஏறுவீர்கள், எந்தத் தேதிக்குள், அது தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். நாலையும் தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் வந்ததா என்று பார்த்துவிட்டுப் படகில் ஏறுங்கள். கிந்துப்பின் கடிதம் ஞாபகம் இருக்கட்டும். என் அம்மாவிடம் நான் சொன்னது, பாசிகாட்டில் சிக்னல் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று. கூப்பிட்டேன். “சாப்பிட்டியா?” என்றாள்.